நினைவாற்றல் சோதனையும் மங்கிய கண்ணும்: ஒரு முதியோர் பரிசோதனைத் தொகுப்பின் மதிப்புரை

அறுபதைக் கடந்தவர்களுக்கென்று தனியார் மருத்துவமனைகள் விற்கும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில், அண்மைக் காலமாக 'மெமரி ஸ்கிரீனிங்' என்றொரு வரி சேர்ந்திருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி., எக்கோ, வயிற்று ஸ்கேன் என்ற வழக்கமான வரிசைக்குக் கீழே, பெரும்பாலும் தடித்த எழுத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும். பெற்றோரின் மறதியைக் கண்டு உள்ளூரப் பயந்துகொண்டிருக்கும் மகனோ மகளோ அந்த ஒரு வரிக்காகவே தொகுப்பை வாங்குவதுண்டு. நாங்களும் அதற்காகத்தான் வாங்கினோம். மதுரையில் ஒரு தனியார் பல்துறை மருத்துவமனையில், என் அம்மாவுக்காக, ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான கட்டணத்தில் பெற்ற அந்தச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த தொகுப்புகள் பல ஊர்களில் விற்பனையாகின்றன. நான் சொல்லப்போகும் குறை ஒரே கட்டடத்துக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு வயது 76. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பரிசோதனைக்கு முந்தைய ஓராண்டில் அவரிடம் நாங்கள் கண்ட மாற்றங்கள் எந்தக் குடும்பத்தையும் கவலைப்பட வைக்கக்கூடியவை. நாளிதழின் குறுக்கெழுத்துப் பகுதியைத் தொடுவதை விட்டுவிட்டார். பால் கணக்கைக் காலண்டரில் குறிக்கும் பழக்கம் நின்றுபோனது. தெருவில் எதிர்ப்பட்ட சித்தி மகளை யாரோ என்று கடந்து போனார். இரத்த அழுத்த மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒருமுறை மாற்றிப் போட்டுக்கொண்டார். எதைக் கேட்டாலும் "மறந்துபோச்சுப்பா" என்பதுதான் பதில். கண் தெரியவில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கண்புரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றுவதால் அந்த மங்கலே உலகத்தின் இயல்பாகப் பழகிவிடுகிறது. வலியும் இல்லை, சிவப்பும் இல்லை, சொல்வதற்கு ஓர் அறிகுறியும் இல்லை. மேலே சொன்ன நான்கு மாற்றங்களையும் மறதி என்ற கணக்கில் எழுதுவது எவ்வளவு எளிதோ, பார்வை என்ற கணக்கில் எழுதுவதும் அவ்வளவு எளிது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் பணம் கட்டுகிறார்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மேசையிலிருந்து இறுதி ஆலோசனை வரை ஒரு செவிலியர் உடன் வந்தார். சக்கர நாற்காலி கேட்காமலேயே கிடைத்தது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்த பிறகு கொடுத்த இட்லியும் பொங்கலும் சூடாக இருந்தன. இவற்றைக் காட்டிலும் முக்கியமாக, இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அளவும் தைராய்டு அளவும் சேர்க்கப்பட்டிருந்தன. மறதி என்று வருபவர்களிடம் முதலில் பார்க்க வேண்டிய, மருந்தால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் அவை. அந்த அளவில் தொகுப்பை வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

குறை, நினைவாற்றல் சோதனை நடந்த அறையில் தொடங்குகிறது. ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலி போடப்பட்டிருந்தது. காலை வெயில் நேராக முகத்தில் விழுந்தது. மேசைமேல் வைக்கப்பட்ட சோதனைத்தாள், பல தலைமுறை நகல்களைக் கடந்து வந்த நகல்; கோடுகள் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தன. கண்புரை உள்ளவருக்குக் கூச்சமும் வெளிறிய அச்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. பார்வைக் கூர்மை என்று நாம் சொல்வது, வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைப் படிக்கும் திறனை; அதற்கு அப்பால், சாம்பல் நிறத் தாளில் சாம்பல் நிறக் கோட்டைப் பிரித்தறியும் திறன் ஒன்று உண்டு. வயதான கண்ணில் பல நேரங்களில் அதுதான் முன்னதாகக் குறைகிறது. சோதனை நடத்திய இளம்பெண் மிகவும் மரியாதையானவர், "பாட்டி, பதட்டப்படாம சொல்லுங்க" என்று தட்டிக்கொடுத்தார். ஆனால் கண்ணாடி கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அம்மாவின் கண்ணாடி கைப்பையில் இருந்தது. அதுவும் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த பவர்.

பயன்படுத்தப்பட்ட சோதனை 'மொக்கா' எனப்படும் மான்ட்ரியல் அறிவாற்றல் மதிப்பீடு. ஜியாத் நஸ்ரெத்தீன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 2005-இல் வெளியிட்ட இந்த ஒருபக்கச் சோதனை, ஏறக்குறைய பத்து நிமிடங்களில் முடியக்கூடியது; மொத்தம் 30 மதிப்பெண்; 26-க்குக் குறைந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. நல்ல சோதனைதான். தொடக்கநிலைக் குறைபாட்டைப் பிடிப்பதில், அதற்கு முன் பரவலாக இருந்த 1975-ஆம் ஆண்டின் 'மினி மென்டல்' சோதனையைவிடக் கூர்மையானது என்று பெயரெடுத்தது. ஆனால் அதன் மதிப்பெண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தால், கண்ணுக்கு எவ்வளவு பங்கு என்பது விளங்கும். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பதற்கு ஒன்று, கனசதுரத்தைப் பார்த்து வரைவதற்கு ஒன்று, கடிகாரம் வரைவதற்கு மூன்று, படத்திலுள்ள விலங்குகளின் பெயரைச் சொல்வதற்கு மூன்று: ஆக எட்டு மதிப்பெண் கண்வழியாகத்தான் போக வேண்டும். எஞ்சிய 22, காதால் கேட்டு வாயால் சொல்பவை.

அம்மா பெற்றது 20. அறிக்கையில் "லேசான அறிவாற்றல் குறைபாடு, நரம்பியல் ஆலோசனை தேவை" என்று இருந்தது. மொத்த எண் மட்டும்தான் அறிக்கையில் இருந்தது. வலியுறுத்திக் கேட்ட பிறகே சோதனைத்தாளின் பிரதி கிடைத்தது. அந்தத் தாளைப் பார்த்தால் கதை வேறு. கண்ணுக்குரிய எட்டில் அம்மா பெற்றவை இரண்டு. எண்ணிலிருந்து எழுத்துக்குப் போகும் கோடு ஒரு வட்டத்தைத் தவறவிட்டிருந்தது. கனசதுரத்தில் பின்பக்கக் கோடுகள் இல்லை. கடிகாரத்தின் வட்டம் சரி. எண்களில் சில ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன, முட்கள் நடுவில் சேரவில்லை. சிங்கத்தைச் சொல்லியிருந்தார், காண்டாமிருகம் எருமையாகவும் ஒட்டகம் மாடாகவும் ஆகியிருந்தன. கண்ணை எடுத்துவிட்டு மீதியைப் பார்த்தால் 22-க்கு 18. எண்களைத் திருப்பிச் சொல்வதிலும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதிலும், இரு சொற்களுக்கு இடையிலான ஒற்றுமையைச் சொல்வதிலும் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. குறைந்தவை, சற்று நேரம் கழித்து நினைவுகூர வேண்டிய ஐந்து சொற்களில் மூன்றும், அன்றைய தேதியும் மட்டுமே.

இந்த 18 என்ற எண்ணுக்குத் தனிப் பொருள் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று, கண் தேவைப்படும் பகுதிகளை நீக்கிவிட்டு 22-க்கு மதிப்பிடும் ஒரு வடிவத்தையும் அதே சோதனையை உருவாக்கியவர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் 18-உம் அதற்கு மேலும் இயல்பு. அதாவது, ஒரே முதியவர், ஒரே காலை, ஒரே நாற்காலி. ஒரு தாளில் குறைபாடு, இன்னொரு தாளில் இயல்பின் விளிம்பு. இரண்டாவது தாள் அந்த மருத்துவமனையில் இருந்ததா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

சோதனையோடு ஒரு கேள்விப் படிவமும் இருந்தது. "இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா?" என்பது அதில் ஒரு கேள்வி. அம்மா மறைக்காமல் பதில் சொன்னார்: சாயங்கால நேரத்தில் சுவரில் கோலம் போட்ட மாதிரி தெரியும், கொஞ்ச நேரத்தில் போய்விடும், அது உண்மையில்லை என்று தனக்கே தெரியும். படிவத்தில் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. அறிக்கையில் அது சிவப்பு எழுத்தாக மாறியது. பார்வை மங்கியவர்களுக்கு, மனநிலையும் அறிவும் தெளிவாக இருக்கும்போதே, இத்தகைய உருவங்களும் கோலங்களும் தெரிவது மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று. ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் பொன்னே என்ற அறிஞர், பார்வை குன்றிய தன் தாத்தா சார்லஸ் லூலின் கண்ட காட்சிகளை 1760-இல் எழுதிவைத்ததால், அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி தானாகச் சிலவற்றை உருவாக்கிக்கொள்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தெரிவது உண்மையில்லை என்று அவருக்குத் தெரிகிறதா என்ற ஒரு துணைக்கேள்வியையும் பார்வை எப்படி என்ற இன்னொன்றையும் சேர்த்திருந்தால், அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டு ஒரு குடும்பம் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று அஞ்சி, இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் முதியவர்கள் எத்தனையோ பேர்.

இவ்வளவுக்கும் பிறகு என்னை உண்மையிலேயே எரிச்சலடைய வைத்தது வேறொன்று. தொகுப்பில் கண் பரிசோதனையும் இருந்தது. நினைவாற்றல் சோதனை காலையில். கண் பரிசோதனை மதிய உணவுக்குப் பின். வலது கண் 6/24 (இயல்பான கண் 24 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்), இடது கண் 6/36, இரண்டிலும் கண்புரை என்று கண் மருத்துவர் எழுதிய தாள், அதே கோப்பில், அறிவாற்றல் அறிக்கைக்கு அடுத்த பக்கமாகக் கோக்கப்பட்டிருந்தது. நல்ல கண்ணிலேயே 6/18-ஐவிடக் குறைந்தால் அதை மிதமான பார்வைக் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. இரண்டு தாள்களையும் ஒன்றாகப் படித்தவர் அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட இல்லை. இறுதி ஆலோசனையில் அமர்ந்த பொதுமருத்துவர் கண்ணுக்கு ஒரு பரிந்துரைச் சீட்டும், மூளைக்கு ஒரு பரிந்துரைச் சீட்டும் தனித்தனியாகக் கொடுத்து அனுப்பினார். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் ஒரே நாளில் பார்க்கிறோம் என்பதுதான் இந்தத் தொகுப்பின் விளம்பரமே.

நேர ஒழுங்கை வெறுமனே தலைகீழாக்கினாலும் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால், அடுத்த சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். அந்த நிலையில் நினைவாற்றல் சோதனைக்கு உட்கார வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சொட்டு மருந்துக்கு முன்பே பார்வையை அளந்து, கிட்டப் பார்வைக்குத் தேவையான லென்ஸை ஒரு சோதனைச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்து, அதோடு நினைவாற்றல் சோதனையை முடித்து, அதன்பின் சொட்டு மருந்து போடுவது சரியான வரிசை. இதற்குக் கூடுதல் கருவியோ கூடுதல் ஆளோ தேவையில்லை. அட்டவணையை மாற்றி அச்சிட்டால் போதும்.

பார்வை மங்குவதால் மதிப்பெண் குறைகிறது என்பது ஒரு மகனின் சமாதானமாக இருந்துவிடக் கூடாதே என்று, கிடைத்தவற்றைப் படித்துப் பார்த்தேன். தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு நேராக இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. நல்ல பார்வையுள்ள 24 பேருக்கு, முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைவதுபோன்ற மங்கலை உண்டாக்கும் கண்ணாடிகளை மாட்டிவிட்டார்கள். கண்ணைச் சார்ந்த சோதனைகளில் அவர்களுடைய மதிப்பெண் இறங்கியது, சொற்களைச் சரளமாகச் சொல்லும் வாய்மொழிச் சோதனையில் இறங்கவில்லை. அம்மாவின் தாளில் நான் கண்ட வடிவம் இதுவேதான்.

ஆனால் விஷயம் இத்தோடு முடிந்துவிடவில்லை. பெர்லின் முதுமை ஆய்வில் 70 முதல் 103 வயது வரையிலான 156 பேரை ஆராய்ந்த உல்மன் லிண்டன்பெர்கரும் பால் பால்டிஸும், அறிவாற்றலில் வயதையொட்டித் தெரிந்த வேறுபாட்டில் 93 விழுக்காட்டைப் பார்வைக் கூர்மையையும் கேட்கும் கூர்மையையும் கொண்டே புள்ளியியல் முறையில் விளக்கிவிட முடிகிறது என்று 1994-இல் எழுதினார்கள். சோதனைத்தாளைப் படிக்க முடியாததால் வந்த தொடர்புதானா இது என்ற ஐயம் அவர்களுக்கே எழுந்தது. நடுவயதினருக்குச் செயற்கையாகப் பார்வையையும் செவியையும் மங்கவைத்துப் பார்த்தபோது, அறிவாற்றல் மதிப்பெண் அந்த அளவுக்குச் சரியவில்லை என்று 2001-இல் அறிவித்தார்கள். ஆகவே, கண்ணாடி போட்டுவிட்டால் மறதி மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. மூளைக்கும் புலன்களுக்கும் வயது ஒன்றாகவே ஆகிறது என்பதும், நெடுங்காலம் மங்கிய பார்வையோடு வாழ்வது சிந்தனையையே மெல்லத் தளர்த்துகிறது என்பதும், சோதனைத்தாள் தெரியாததால் மதிப்பெண் மட்டும் குறைகிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

இரண்டாவது சாத்தியத்தைத்தான் உலகம் இப்போது கூர்ந்து பார்க்கிறது. மறதி நோயான டிமென்ஷியாவைத் தடுப்பது பற்றி 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளை 12-இலிருந்து 14 ஆக்கியது. புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று, சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு. பதினான்கையும் ஒழித்துவிட்டால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. அதில் பார்வையின் பங்கு 2 விழுக்காடு. சிறிய எண்தான், ஆனால் கண்புரையைப்போல ஒரே அறுவையில் தீர்த்துவிடக்கூடிய காரணி அந்தப் பட்டியலில் வேறு எது என்று யோசித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதைக் கடந்த 3,038 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2022-இல் அச்சானது. கண்புரையை அகற்றிக்கொண்டவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு, அகற்றிக்கொள்ளாதவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்ததாக அது காட்டியது. இழந்த பார்வையை மீட்டுத் தராத கண் அழுத்த நோய் அறுவையில் இந்தத் தொடர்பு தென்படவில்லை என்பது, இதில் பார்வைக்கே பங்கிருக்கலாம் என்ற எண்ணத்தை வலுப்படுத்துகிறது. அதே நேரத்தில், உடலும் மனமும் திடமாக உள்ளவர்களே அறுவைக்கு முன்வருகிறார்கள் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் சிலருக்கு உடனேயும் சிலருக்குத் தாமதித்தும் கண்புரை அறுவை செய்து ஒப்பிட்ட, 2006-இல் வெளியான ஆய்வில், அறிவாற்றல் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படியான உயர்வு ஏதும் காணப்படவில்லை.

கண்ணுக்கு நாங்கள் போனது மதுரை அண்ணாநகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது அது. பார்வையிழப்பைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்கு எட்டாது என்று, 1992-இல் ஆரோலேப் என்ற உற்பத்திப் பிரிவைத் தொடங்கி மதுரையிலேயே அதைச் செய்யத் தலைப்பட்டவர்கள். இவற்றையெல்லாம் மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மதிப்புரைக்குப் பொருத்தமானது ஒன்றுதான்: பதிவு முடிந்து முதல் இருக்கையில் அமர்ந்த உடனே, அங்கே பணியிலிருந்த சகோதரி கேட்ட முதல் கேள்வி, "அம்மா, இப்ப போடுற கண்ணாடியக் கொண்டாந்திருக்கீங்களா?" என்பது. பிறகு அந்தக் கண்ணாடியின் பவரை அளந்தார். அதோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை, திருத்திய பவரோடு ஒருமுறை எனப் பார்வையை எழுதினார். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே கோப்பில் இவ்வளவும் ஏறிவிடுகிறது. ஏழாயிரம் ரூபாய்த் தொகுப்பில் விடுபட்டிருந்த கேள்வி, இங்கே நடைமுறையின் முதல் வரியாக இருந்தது.

அறுவைக்கு முன் அமர்த்தப்படும் கவுன்சிலரிடம், அம்மாவுக்கு மறதி இருக்கலாம் என்று ஓர் அறிக்கை சொல்லியிருப்பதைத் தெரிவித்தோம். அவர் அதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. சொட்டு மருந்தை வாரவாரியாகக் குறைத்துக்கொண்டே போகும் அட்டவணையை அம்மாவிடம் தராமல் எங்களிடம் தந்தார். பாட்டில் மூடிகளின் நிறத்தைக் காட்டி விளக்கினார். இரண்டாம் கண்ணை எப்போது செய்வது என்பதை முதல் கண் ஆறியபின் முடிவுசெய்யலாம் என்றார். மறதி இருப்பவருக்கு அறுவை எதற்கு என்று நினைக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மறதி முற்றிய பின், அறுவை மேசையில் அசையாமல் படுத்திருப்பதும், கையைக் கண்ணில் வைக்காமல் இருப்பதும் அவருக்குக் கடினமாகிவிடும். சொல்வது புரிகிற காலத்திலேயே செய்துகொள்வது நல்லது.

இரண்டு கண்களும் முடிந்து, புதிய கண்ணாடியும் வந்து, சில மாதங்கள் கழித்து, வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி சோதித்துப் பார்த்தோம். பழகிய கேள்விகளால் மதிப்பெண் ஏறிவிடும் என்பதற்காக அவர் அதே சோதனையின் மாற்று வடிவத்தைப் பயன்படுத்தினார். அறிக்கையில் 'தூரம் 6/9, கண்ணாடியுடன்' என்று முதலில் எழுதிவிட்டே தொடங்கினார். கண்ணுக்குரிய எட்டில் ஏழு. மற்ற 22-இல் 19. ஆக 26. இந்த எண்ணைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தபோது, அவர் நிதானமாக இரண்டாவது பகுதியைச் சுட்டிக்காட்டினார். ஐந்து சொற்களில் முன்பு இரண்டு, இப்போது மூன்று. அது முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. கண் தந்தது கண்ணுக்குரிய ஐந்து மதிப்பெண்ணை. நினைவு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வோம் என்றார். இந்த வாக்கியம்தான் முதல் நாளே எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய அறிக்கை.

வீட்டில் மாறியவை மதிப்பெண்ணில் வராதவை. அம்மா மறுபடி குறுக்கெழுத்தை எடுத்துவிட்டார். காய்கறிக்காரரிடம் சில்லறையை அவரே எண்ணி வாங்குகிறார். பகலில் தூங்குவது குறைந்திருக்கிறது. பழுத்து மஞ்சளித்த இயற்கை லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடுவதாலும், உடலின் பகலிரவுக் கடிகாரத்தை இயக்கும் விழித்திரைச் செல்கள் அந்த ஒளிக்கே அதிகம் பதில் தருவதாலும், அறுவைக்குப் பின் தூக்கம் ஒழுங்காகலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அம்மாவின் விஷயத்தில் அதுதான் காரணமா, படிக்க ஏதாவது கிடைத்ததால் தூக்கம் வராமல் போனதா என்பதை நான் பிரித்துச் சொல்ல முடியாது. சுவரில் தெரிந்த கோலங்கள் போய்விட்டன. தேதி மட்டும் இன்னும் மறந்துபோகிறது. ஓய்வுபெற்றவருக்குத் தேதி எதற்கு என்பது அவருடைய வாதம்.

இனி விலைக்குத் தகுமா என்ற கேள்வி. இரத்தம், இதயம், ஸ்கேன் ஆகியவற்றுக்காக ஒருவர் இந்தத் தொகுப்பை வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனித்தனியாகச் செய்தால் ஆகும் செலவைவிடக் குறைவு. நினைவாற்றல் சோதனைக்காக மட்டும் வாங்குவதென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கண் மங்கியவருக்கு அது தரும் எண், எதை அளந்தது என்று யாருக்கும் தெரியாத எண். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண்புரையைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள், அறுவையும் செய்கிறார்கள். முதலில் அங்கே போய்விட்டு, கண்ணாடி கைக்கு வந்த பிறகு நரம்பியல் மருத்துவரிடம் போனால், தொகுப்புக்கு ஆகும் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். இந்தியாவில் 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் வருவது என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. இந்த இரு கூட்டத்தாரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே தொகுப்புக்குப் பணம் கட்டிவிட்டவர்கள், முன்பதிவு செய்யும்போதே நினைவாற்றல் சோதனையைப் பார்வை அளந்த பிறகும் சொட்டு மருந்துக்கு முன்பும் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்; எங்களிடம் பேசிய மேலாளர் அது முடியும் என்றே சொன்னார். வெயிலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, நகலாக இல்லாத தெளிவான அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கிட்டப் பார்வைக் கண்ணாடியையும், செவிக் கருவி இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்த பிறகு மொத்த எண்ணோடு திரும்பிவிடாமல், பகுதிவாரி மதிப்பெண் உள்ள தாளின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது நோயாளியின் ஆவணம், கேட்டால் தர வேண்டும்.